அழிக்கச் சொன்ன நகல்

எப்போதும் கம்ப்யூட்டர் பெட்டியோடே கிடப்பதால் போட்டோ ஸ்டூடியோவில் எல்லோரும் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா. அவர் போனபிறகு கடைச் சாவி தம்பி கைக்குப் போனது. படிப்பு முடிந்த நாளிலிருந்து அவளுக்குப் பின்னறைதான். படத்தில் பருக்களைத் துடைப்பாள், மூடிய கண்களைத் திறந்து வைப்பாள். கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்து எத்தனையோ காலமாயிற்று.

படங்களையெல்லாம் வாடகைக்கு எடுத்த இணையச் சேமிப்பில்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தக் கம்பெனி காரணம் சொல்லாமல் கணக்கைப் பூட்டிவிட்டது. ஆல்பம் கேட்டு வந்தவர்கள் கடை வாசலில் கத்தினார்கள். படங்களைச் சேமித்து வைக்கக் கடையிலேயே சொந்தமாக ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னபோது தம்பி நம்பவில்லை. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, தூசி தட்டி, அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினாள். சொல்லித்தர யாருமில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் இணையத்தில் கேட்டுக் கேட்டுச் செய்தாள். போல்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதை மாற்றாததால் முதலில் ஒரு படம்கூட ஏறவில்லை. அதைச் சரிசெய்தால் பெரிய வீடியோக்கள் பாதியில் நின்றன. அளவு வரம்பைக் கூட்டினாள். வெளியூரிலிருந்து திறக்க ரவுட்டரில் வழி விட்டாள். கடைசியில் எங்கோ தூரத்தில் இருந்த ஒரு மணப்பெண் தன் போனில் ஆல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லித் தம்பிக்குப் போன் செய்தாள். அவனும் "நம்ம ஏற்பாடுதாம்மா" என்றான். அக்கா பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க். இன்னொன்று வேண்டும் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றான் தம்பி. அவன் 'பார்க்கலாம்' என்றால் கிணற்றில் போட்ட கல். அவளே ஒரு டிஸ்க் வாங்கி வீட்டில் தன் அறையில் வைத்தாள். தினமும் கடை சாத்தியபிறகு படங்களின் நகல் தானாகவே அங்கே வந்து சேரும்படி செய்தாள். தம்பியிடம் சொன்னபோது, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

அப்புறம்தான் அந்தச் சங்கடம் வந்தது. ஒரு மணப்பெண்ணை அலங்கார அறையில் எடுத்த படங்கள் யார் யாருடைய போனிலோ சுற்றின. பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் போனதும், பில் போட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவி மெதுவாகக் கேட்டாள்:

"வீட்லயும் ஒரு காப்பி இருக்குல்ல? அது யார் கையில இருக்கு?"

யார், எங்கிருந்து திறந்தார்கள் என்பதை சர்வரே குறித்து வைத்திருக்கும், அந்த லாகைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அக்கா தம்பியிடம் சொன்னாள்.

"லாகும் உன் கையில இருக்கறதுதானேக்கா" என்றான் அவன்.

அவள் வீட்டுக்குப் போய் டிஸ்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, அவர்கள் இருவர் முன்னாலேயே அழித்தாள். மீட்கவே முடியாதபடி முழுக்க மேலெழுதி அழிக்கச் சொன்னான் தம்பி. அது முடியச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தம்பி மனைவி சர்வரின் பாஸ்வேர்டை மாற்றினாள். விசைகளை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மாற்றினாள்.

கொஞ்ச நாளில், அந்தக் கல்யாணத்துக்கு மேடை அலங்காரம் செய்தவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். தன் வேலையை நாலு பேருக்குக் காட்டப் படம் கேட்டாராம். தம்பிதான் பாஸ்வேர்டு இல்லாத லிங்க் ஒன்றை அனுப்பியிருக்கிறான். மொத்த ஆல்பமும் அதில் திறந்துகொண்டது. அவர் அதை ஒரு குரூப்பில் போட்டுவிட்டார். "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்று அவரைத் தேற்றி அனுப்பினான் தம்பி. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் தட்டில் குழம்பு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. மன்னிப்பு அவ்வளவுதான். பாஸ்வேர்டைத் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வர ஆரம்பித்ததை முதலில் கேட்டவள் அவள்தான். டிஸ்க் போகப்போகிறது, உடனே நகல் எடு என்று தம்பியிடம் சொன்னாள். கல்யாண சீசன் முடியட்டும் என்றான். சீசன் முடியும் முன்னாலேயே டிஸ்க் முடிந்துவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தகடு கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் தேறாது என்று கையை விரித்தார். அப்பா காலத்துப் படங்களும் அதில்தான் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்று பூஞ்சை பிடித்த பிலிம்களைத் தம்பி எப்போதோ குப்பையில் போட்டிருந்தான்.

அன்று அவன் பின்னறைக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, எங்கயாவது இன்னொரு காப்பி வெச்சிருப்பே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"வெச்சிருந்தேன். அழிச்சப்போ நீ இதே மாதிரிதான் பக்கத்துல உக்காந்திருந்தே."

சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. ஊரையே படம் பிடித்த அப்பாவை எடுத்த படங்கள் சொற்பம். அதில் ஒன்று அவள் எடுத்தது. அதுவும் போயிற்று.

இப்போது அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள், தனியாகக் குடியிருக்கிறாள். தம்பி சொந்தக்காரர்களிடம், "அக்கா வெச்ச பெட்டிதான் கழுத்தறுத்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். போன மாதம் சித்தி வீட்டுக்குப் போனபோது, சித்தியும் அதையே எடுத்தாள்: "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அவன் பொழப்பே போச்சே."

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா சித்தி, வேண்டாத வேலைதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.