கரிசல் செருப்பு

மகள் படிக்கும் பள்ளியில் மார்கழி விளையாட்டு விழா என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஜன்னலெல்லாம் சாத்திய ஹாலுக்குள் பச்சைப் பிளாஸ்டிக் புல்லை விரித்து, அதன்மேல் பிள்ளைகளை ஓடவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ரப்பர் வாடை.

"வெளிய பனியா இருக்குல்ல மேடம், பிள்ளைகளுக்குச் சளி பிடிச்சிரும்," என்றார் டீச்சர்.

நானும் இதே பள்ளியில்தான் படித்தேன்; சிமெண்ட் பூசுவதற்கு முன் இதே இடம்தான் நாங்கள் விளையாடிய கரிசல் பொட்டல். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்து கிடக்கும் அந்த நாட்களில் காற்றில் மருந்து நெடி இருக்காது. மழை குடித்த மண்ணில் வெறுங்காலோடு நடக்க நடக்க, களி அப்பி அப்பி உள்ளங்காலுக்கு அடியில் செருப்பாக வளரும், எவள் செருப்பு உயரம் என்பதுதான் எங்கள் போட்டி. "நின்னாத்தான் குளிரும், ஓடுங்க பிள்ளைகளா!" என்று எங்கள் விளையாட்டு டீச்சர் கத்த, கனத்த காலைப் பொதக் பொதக்கென்று தூக்கி வைத்து ஓடி, விழுந்து, மூக்கில் ஆவி பறக்கச் சிரிப்போம்.

விழா முடிந்ததும், மதிலுக்கு வெளியே மிச்சமிருந்த ஈரக் கரிசலில் மகளை ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னேன். ஒரு கால் வைத்தவள், "சீ, அசிங்கம்மா!" என்று முகம் சுளித்து என்னிடம் கையை நீட்டினாள்.

சானிடைசர் கேட்கிறாள். ஹாலிலிருந்து டீச்சரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்த என் கைப்பையில்தான், அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பாட்டில் இருக்கிறது.