பன்னிரண்டாம் அட்டையில் நான் சாகவில்லை

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறுவதும் தெரிகிறது. நெசவில் இப்படி ஏறினால் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காகிதம் என்பதால் விட்டுவிட்டேன்.

எழுதுவதற்குக் காரணம் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவன் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லித் திரியும் கதையில் நான் பன்னிரண்டாம் அட்டையில் செத்துப்போகிறேன். நான் சாகவில்லை. நான்கு பேர் ஆடினோம், செத்தது வேறு ஒருவர். இதை வாயால் சொல்லப் போனால் அவன் சிரித்துக்கொண்டே குறுக்கே பேசுவான், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைப் பிசைந்து எழுந்து வந்தவன். எழுத்தில் அவனால் குறுக்கே வர முடியாது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழை. எங்கள் சந்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்தது. எங்கள் தறிகள் எல்லாம் குழித்தறிகள். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். குழியில் முழங்கால் தண்ணீர். நானும் மனைவியும் குடத்தால் மொண்டு கொட்டுவோம், சாப்பிட்டு வருவதற்குள் மறுபடியும் அதே அளவுக்கு நிற்கும். தறியில் பாதி நெய்த சேலை ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் நகராட்சி ஆபீசுக்குப் போய்ப் பேச வேண்டும். யார் என்பதுதான் தெரியவில்லை. சந்தில் இருந்த எல்லோரும் தறியில் குனிந்தே வளர்ந்தவர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் எங்களுக்குக் கை தானாகத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளும்.

நாங்கள் கூடிய இடம் அட்டைக்காரர் வீடு. சேலையில் மயில், மாங்காய் எல்லாம் விழுவதற்கு, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். அந்த ஓட்டைகளைக் குத்துவது அவர் தொழில். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வீடு மூன்று படி உயரம் என்பதால் அங்கே மட்டும் தரை காய்ந்திருந்தது. பகல் முழுக்க வேலையில்லாமல் அவர் வீட்டில் ஒரு விளையாட்டு ஆடுவோம். அவரே கண்டுபிடித்தது. பெயர் சுரங்கம்.

பெரிய கோயிலிலிருந்து எங்கேயோ சுரங்கம் போகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வோம், ஒருவரும் போனதில்லை. அதனால் அவர் அதை அட்டையில் செய்தார். வழக்கொழிந்த டிசைன்களின் பழைய அட்டைகளைச் சீட்டு மாதிரி கலைத்து, இருபதை எடுத்துத் தரையில் படிக்கட்டு போல ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவார். அதுதான் சுரங்கம். ஆளுக்கு ஒரு கம்பி, ஜக்கார்டு பெட்டியிலிருந்து கழற்றியது. ஆளுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. அது உயிர். நாலு சோழி உருட்டி, எத்தனை மல்லாந்து விழுகிறதோ அத்தனை வரிசை இடமாகவோ வலமாகவோ நகர்ந்து, அடுத்த அட்டையில் கம்பியை ஊன்ற வேண்டும். கெட்டியான இடமென்றால் பிழைத்தோம். ஓட்டையில் கம்பி இறங்கினால் இரண்டு கொட்டை போயிற்று. கொட்டை தீர்ந்தால் சாவு. செத்தால் செத்ததுதான், விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. அட்டைகளை வாரிக் கலைத்துப் புதுச் சுரங்கம் போடுவார். ஒரே சுரங்கத்தில் இரண்டு தடவை போனவர் கிடையாது.

இத்தனையும் பரவாயில்லை. இதற்கு மேல் உருக்கி என்று ஒன்று வைத்திருந்தார். பச்சைச் சாயக்கறை பட்ட அட்டையில் ஓட்டையில் விழுந்தால் உருக்கி பிடிக்கும். எலும்புருக்கி நோயிலிருந்து எடுத்த பெயர். அது பிடித்தவன் அதன் பிறகு எங்கே ஊன்றினாலும், கெட்டியில் ஊன்றினாலும், தடவைக்கு ஒரு கொட்டை கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மருந்து ஒன்றே ஒன்று. தப்பாகக் குத்திய ஓட்டையைப் பின்பக்கம் காகிதம் ஒட்டி மூடியிருப்பார்கள் அல்லவா, அந்த ஒட்டின் மேல் கம்பியை ஊன்றினால் உருக்கி ஆளை விட்டுவிடும்.

இங்கேதான் எனக்கு எரிச்சல். அட்டைகளைக் குத்தியவர் அவர். தன் கையால் தப்பே வந்ததில்லை என்று சொல்லிக்கொள்பவரும் அவர். மருந்து வேண்டும் என்றால் அவர் செய்த தப்பு ஒன்று வேண்டும். தப்பை அவர் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். அதுவரை ஒரு ஆள்கூட உருக்கியிலிருந்து பிழைத்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் யார் ஆபீசுக்குப் போவது என்று மறுபடியும் பேச்சு வந்தது. மச்சான்தான் வாயைத் திறந்தான்.

"சுரங்கத்துல யாரு முதல்ல சாவறாங்களோ அவங்க போவட்டும். சண்டையே வேணாம்."

"செத்தவன் எப்படிடா போயி பேசுவான்?" என்றார் அட்டைக்காரர்.

"ஆபீசுல கீறவங்க மட்டும் உயிரோடவா கீறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது ஆளாகச் சந்தின் கோடி வீட்டுக்காரர் உட்கார்ந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பேச்சு கம்மி, சோழியை மட்டும் தெலுங்கில் எண்ணுவார்.

நான் ஐந்தாம் அட்டைக்குள் இரண்டு தடவை விழுந்து பதினொரு கொட்டைக்கு வந்துவிட்டேன். ஆறாவது அட்டையில் மூலையில் பச்சைக் கறை. மூன்று விழுந்தது. வலமாகப் போனால் ஓட்டை வரிசை தெரிந்தது. இடமாகப் போனேன். அங்கேயும் கம்பி தரை வரைக்கும் இறங்கியது.

"மாமாவுக்கு உருக்கி," என்றான் மச்சான், பிள்ளை பிறந்த செய்தி சொல்வது போல.

கையில் ஒன்பது கொட்டை, முன்னால் பதினான்கு அட்டை. கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழில் ஒன்று கொடுத்தேன், எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. பத்தில் ஓட்டையிலும் விழுந்து மூன்று போயிற்று. ஒவ்வொரு தடவையும் கொட்டையை எடுக்க மச்சான் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான், தட்சிணைத் தட்டு மாதிரி. "சட்டை துவைச்சி வெக்க சொல்லட்டா மாமா, நாளைக்கு ஆபீசுக்கு?" என்று வேறு கேட்டான். கோடி வீட்டுக்காரர் மட்டும் ஒரு ஓட்டையிலும் விழாமல், ஒக்கட்டி, ரெண்டு, மூடு என்று கோயில் சுற்றுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தார். அட்டைக்காரருக்கும் அன்று நல்ல நாள் இல்லை, மூன்று கொட்டைதான் மிச்சம். ஆனால் அவருக்கு உருக்கி இல்லை.

பதினொன்றாம் அட்டையில் இரண்டு கொட்டை மிச்சம். பன்னிரண்டாம் அட்டையில் கம்பியை ஊன்றி ஒன்றைக் கொடுத்தேன். ஒரே ஒரு கொட்டை. அடுத்த தடவை எங்கே ஊன்றினாலும் சாவு.

கம்பியை விட்டுவிட்டு அந்த அட்டையின் ஓரத்தை அப்போதுதான் பார்த்தேன். மையில் எழுதிய எண் நாற்பத்தேழு. பக்கத்தில் மயில் டிசைனின் குறி. அந்த எண்ணை என்னால் மறக்க முடியாது.

"அண்ணா, இது ஒட்டு," என்றேன்.

"எது?"

"கம்பி நிக்குது பாருங்க, அந்த இடம்."

"அது கெட்டி. ஆட்டத்த ஆடு."

"திருப்பிப் பார்த்தா தெரியும்."

"அடுக்கின அட்டைய எடுக்கக் கூடாது. சட்டம்."

இந்தச் சட்டத்தை அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. மச்சானும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் "ஆமா, சட்டம்தான்" என்றான். வழக்கமாக நான் இந்த இடத்தில் விட்டுவிடுவேன். அன்றைக்கு விட்டால் நாளைக்குக் காலையில் ஆபீசில் நிற்க வேண்டும். அதனால் பேசினேன்.

"அண்ணா, இது என் தறியில ஓடின அட்டை. மயிலுக்குக் கண்ணு தலையில வராம கழுத்துல வந்துச்சி. முந்தானையில பதினாறு மயிலு. பதினாறுக்கும் கழுத்துல கண்ணு. ரெண்டு நாளு குந்தி ஜரிகையப் பிரிச்சேன். இந்த நாற்பத்தேழ நான்தான் கழட்டி உங்க கையில கொண்ணாந்து குடுத்தேன்."

"அது டிசைனுக்கு கிராஃப் போட்டவன் தப்பு. நான் கோட்டுல கீறத குத்தினேன்."

"யாரு தப்பா இருந்தா இன்னா அண்ணா? ஓட்டைய மூடினீங்களா, இல்லையா?"

"ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்குது. பசை இல்லன்னு வீட்டுக்குள்ள போயி கஞ்சிய வாங்கியாந்து ஒட்டினீங்க. காயற வரைக்கும் நான் இந்தத் தரையிலதான் குந்தினு இருந்தேன். மழைக்காலம், காயவே இல்ல. விசிறியால விசிறினீங்க. மேல வேற இடத்துல புதுசா குத்தினீங்க. அந்த ஓட்டையும் இதோ இருக்குது, எண்ணிக்கோங்க, நாலு வரிசை தள்ளி. கண்ணு தலைக்குப் போச்சுன்னா பழைய கண்ணு எங்க போச்சி?"

அவர் வெற்றிலையை மடித்தார். மடித்ததை வாயில் போடவில்லை. எனக்குக் கோபம் நிற்கவில்லை. கையில் கொட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் பிரித்த கூலி எனக்குக் கிடைக்காததிலிருந்து, அன்றைக்கு முதலாளி என்னைத்தான் கண் தெரியாதவன் என்று திட்டியது வரை, வரிசையாகச் சொன்னேன். இத்தனை வருடம் இதெல்லாம் உள்ளே இருந்தது எனக்கே தெரியாது. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கடைசியில் கோடி வீட்டுக்காரர் எட்டி அட்டையை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மற்ற ஓட்டைகளில் எல்லாம் வெளிச்சம் வந்தது. கம்பி நின்ற இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு கறுப்பு.

"ஒட்டு இருக்குதுபா," என்றார். அன்றைக்கு அவர் எண்ணாமல் பேசியது அது ஒன்றுதான்.

உருக்கி என்னை விட்டது. கையில் ஒரு கொட்டை, ஆனால் அது இனிமேல் தானாகக் குறையாது. அடுத்த ஆட்டம் அட்டைக்காரருடையது. அவருக்குக் கை சரியில்லை, முகமும் சரியில்லை. விழுந்தார், ஒன்றானார். நான் பதிமூன்றில் கெட்டியில் நின்றேன். மறுபடி அவர் விழுந்தார். தப்பே இல்லாத, வட்டமான, அவரே குத்திய ஓட்டை. செத்தது அவர். இதை இன்னொரு தடவை எழுதுகிறேன், செத்தது அட்டைக்காரர்.

நான் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பசித்தது.

"நான் போறேன், போவாம இல்ல," என்றார் அட்டைக்காரர். "ஆனா நான் போயி இன்னாபா பேசுவேன்? இவன் பேசினான் பாரு, அந்த மாதிரி பேசத்தான் அங்க ஆளு வேணும்."

"அண்ணா, நான் பொழைச்சவன்."

"அத்ததான் சொல்றேன். பொழைக்கத் தெரிஞ்சவன் நீ."

மச்சானைப் பார்த்தேன். முதலில் செத்தவன்தான் போக வேண்டும் என்று தானே போட்ட சட்டத்தை அவன் மறந்துவிட்டான். கோடி வீட்டுக்காரர் சோழிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மனைவியாவது என் பக்கம் பேசுவாள் என்று திரும்பினேன்.

"ஒரு ஒட்டுக்கு அரை மணி நேரம் சண்டை போட்டீங்க," என்றாள். "வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது. அதுக்குப் போட மாட்டீங்களா?"

மறுநாள் காலை போனேன். அட்டைக்காரரும் பின்னாலேயே வந்தார், ஆனால் தூணுக்குப் பின்னால் நின்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமலே, உங்கள் சந்தில் தண்ணீர் நிற்பதாகத் தகவல் எதுவும் இல்லையே என்றார். திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முழங்கால் தண்ணீரை இல்லை என்கிறாரே என்று எரிச்சல் வந்தது. முதல் வீட்டில் எத்தனை சாண், இரண்டாவது வீட்டில் எத்தனை சாண், எந்தத் தறியில் என்ன சேலை நிற்கிறது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஏழாவது வீட்டுக்கு வரும்போது அவர் நிமிர்ந்தார். பதினோராவது வீட்டில் போதும் என்று கையைக் காட்டினார்.

மூன்றாம் நாள் இரண்டு பேர் மூங்கிலோடு வந்து, மதகு வாயிலிருந்து ஒரு கிழிந்த பாயையும் கழிவுப் பட்டு நூல் உருண்டை ஒன்றையும் இழுத்துப் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இறங்கியது. குழி காய இன்னும் பத்து நாள் ஆயிற்று. சேலையின் ஒரு பக்கம் கறை பிடித்துவிட்டது, அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தெரு விளக்கு எரியவில்லையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, நெசவாளர் சங்கத்தில் நூல் கொடுக்கவில்லையா, என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு முந்தின நாளே சோறு இறங்குவதில்லை. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நேற்று அட்டைக்காரரே வந்து, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கவில்லை, நீ வந்து ஒரு வார்த்தை பேசு என்றார். நீங்களே போங்கள் அண்ணா என்றேன். நான் அன்றைக்கே செத்தவன்பா என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, என் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சட்டையை மாட்டினேன்.

1974 நவம்பர் 9, சனிக்கிழமை.