செத்த நேரம் நிறுத்திப் பேசிய நாச்சிமுத்து

திண்டுக்கல் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. ரெட்டியார்சத்திரம் பக்கத்துக்காரர். விடிந்ததும் சாக்கு மூட்டை மேல் ஏறி நின்றாரென்றால், கத்தரிக்காயும் புடலங்காயும் அவர் வாயிலிருந்தே கொட்டுவது போலிருக்கும். மூச்சு எங்கே விடுகிறார் என்பதை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மைத்துனன் கல்யாணத்தில் அவரை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். "மாப்பிள்ளையும் பொண்ணும் நல்லா இருக்கணும்" என்று தொடங்கியவர், பழக்க தோஷத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று போய்விட்டார். பந்தலே குலுங்கியது. அவரும்தான் சிரித்தார். ஆனால் திரும்பி வரும் மாட்டுவண்டியில், மேடையில் ஒழுங்காகப் பேசப் பழகாமல் விடுவதில்லை என்று மனைவி ராமுத்தாயிடம் சொல்லிவிட்டார். வீட்டில் பேசுவதே போதும் என்றாள் அவள்.

பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த முகமது பாரூக், தன் சரக்குக் கிட்டங்கி மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பேச்சு மன்றம் நடத்தி வந்தார். அங்கே ஒரே ஒரு சட்டம். ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் எழுந்து, அந்தப் பேச்சில் பிடித்தவற்றை முதலில் சொல்ல வேண்டும். பிறகு ஒரே ஒரு குறை. அதைத் திருத்தும் வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பேசியவர் மறுத்து வாயைத் திறக்கக் கூடாது.

அங்கே போய்ச் சேர்ந்த நாச்சிமுத்து முதல் நாள் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். மழை பெய்து ஓய்ந்தது போலிருந்தது. குறை நிறை சொல்ல எழுந்தவர் வியாகுலம்மாள் டீச்சர், மன்றத்தில் இருந்த ஒரே பெண். குரல் ரயிலடி வரைக்கும் கேட்கும் என்றார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை, அது பெரிய வரம் என்றார். பிறகு குறைக்கு வந்தார்.

"ஒரு விஷயத்தச் சொன்னா செத்த நேரம் நிறுத்துங்க. யாராச்சும் ஒருத்தர் கண்ணப் பாருங்க. அவருக்குப் போய்ச் சேந்துருச்சுன்னு தெரிஞ்ச பெறகு அடுத்ததச் சொல்லுங்க."

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அவரைத் திட்டியவர்கள் உண்டு, புகழ்ந்தவர்கள் உண்டு. இதைச் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று சொன்னவர் எவருமில்லை. வீடு வரைக்கும், ஒவ்வொரு தந்திக் கம்பத்தின் முன்னாலும் நின்று நிறுத்திப் பேசிப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் அதைச் சந்தையிலும் செய்தார். கத்தரிக்காய்க் குவியலுக்கு விலை கேட்டார். சாப்பாட்டுக் கடைக்காரர் கருப்புசாமி ஒரு விலை சொன்னார். வழக்கமாக அடுத்த நொடியே ஏறிப் போகும் ஏலம், அன்று நின்றது. நாச்சிமுத்து கருப்புசாமியின் கண்ணைக் கனிவோடு பார்த்தார். கருப்புசாமிக்கு வியர்த்தது. கேட்டது குறைச்சலோ என்று தன் விலைக்கு மேல் தானே கால் ரூபாய் கூட்டினார். நாச்சிமுத்து மறுபடியும் நிறுத்திப் பார்த்தார். கருப்புசாமி மறுபடியும் கூட்டினார்.

"அண்ணே, அப்படிப் பாக்காதீக. எதுத்து யாருமே கேக்கல, நானே ஏத்திக்கிட்டுப் போறேன்" என்று அவர் கும்பிட்ட பிறகுதான் சங்கதி விளங்கியது. காய் கொண்டுவந்த விவசாயி உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கேட்ட விலைக்கே குவியல் போயிற்று.

வீட்டிலும் மன்றத்துச் சட்டம் அமலுக்கு வந்தது. குழம்பின் மணம் அருமை, நிறம் அருமை, உப்பு மட்டும் ஒரு கல் கூட என்று நாச்சிமுத்து எழுந்து நின்று சொன்னார். ராமுத்தாயும் எழுந்தாள்.

"மாமா சாப்புடுற அழகு நல்லாருக்கு. தட்ட மிச்சம் வைக்காம வழிக்கிறதும் நல்லாருக்கு. நாளைக்கி நீங்களே அடுப்புல நின்னா, அந்தக் குறையும் தீந்துரும்."

சட்டப்படி அவர் மறுத்துப் பேச முடியவில்லை. அடுத்த நாள் அவர் வைத்த ரசத்தைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சோதனை பிறகு வந்தது. பாரூக் பேசும் நாளில் குறை நிறை சொல்லும் முறை நாச்சிமுத்துவுக்கு விழுந்தது. பாரூக் அழகாக எழுதி வருவார், தேர்ந்த சொற்களாகப் பொறுக்கி வைப்பார். ஆனால் குரல் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. மன்றத்தை வைத்து நடத்துகிறவரிடம், டீயும் முறுக்கும் தருகிறவரிடம், அதை யாரும் சொன்னதில்லை. நாச்சிமுத்துவும் புகழ்ந்தார், மேலும் புகழ்ந்தார், உட்காரப் போனார்.

"குறை எங்க?" என்றார் பாரூக். அவர் முகத்தில் உண்மையான ஆசை இருந்தது. "எல்லாரும் எனக்கு மட்டும் அத ஒளிச்சு வச்சுக்கிறீக."

அந்தச் சொல் நாச்சிமுத்துவைச் சுட்டது. நின்றார், பாரூக்கின் கண்ணைப் பார்த்தார்.

"பாய், நீங்க பேசுறதுல பாதி எனக்குக் கேக்கல. கேட்ட பாதி அம்புட்டு நல்லா இருந்துச்சு, மிச்சம் போச்சேன்னு வருத்தமா இருக்கு. நாளைக்கி வெள்ளென சந்தைக்கி வாங்க. எம் மூட்டை மேல ஏறி ஒரு குவியலக் கூறுங்க."

பாரூக் வாய்விட்டுச் சிரித்து, வாரேன் என்றார்.

சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. பூசணிக் குவியலுக்கு முன் மூட்டை மேல் ஏறினார். முதல் சத்தம் பூசணிக்கே கேட்கவில்லை. "கேக்கல பாய்" என்றார்கள் லாரிக்காரர்கள். இரண்டாவது சத்தம் குடையைத் தாண்டியது. மூன்றாவதற்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி வந்தது. மிளகாய் மண்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவரை இறக்க முடியவில்லை. பூசணி முடிந்து சுரைக்காய், சுரைக்காய் முடிந்து வாழைத்தார். ஏலம் முடிந்தும், காலி இடத்தைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தவரை நாச்சிமுத்துதான் இடுப்பைப் பிடித்து இறக்கினார். இருவரும் வாழை இலைச் சருகின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பாரூக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கணக்குப்பிள்ளையிடம் கூடச் சைகையில்தான் பேசினார். அவர் மனைவி குர்ஷித் பேகம், கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதி கண்டதில்லை என்று சந்தைக்கு ஆளனுப்பி நன்றி சொன்னார்.

மன்றத்தின் ஆண்டு விழாவில் பாரூக் பேசியபோது மாடியில் கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. கீழே வீதியில் சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். பேச்சு முடிந்தது. கதவோரம் நின்ற நாச்சிமுத்து கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் தட்டி ஓய்ந்து, டீக்கு எழுந்து, படியிறங்கிப் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.