சிவந்தி உட்கார்ந்திருந்த கார்

எங்கள் தெருவில் அசோகனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவன் காரைப் பற்றித்தான் சொல்வார்கள். வாடகைக்கு ஓடுகிற பழைய வெள்ளைக் கார் அது. பகலெல்லாம் சென்னையைச் சுற்றிவிட்டுச் சாயங்காலம் எண்ணூருக்குத் திரும்பி எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். நின்ற பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பின்சீட்டில் அவன் பெண்டாட்டி சிவந்தி கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது.

நான் எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா. பிளவுஸ் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அசோகன் தன்னைப் பற்றி ஊரறியச் சொல்லிவைத்திருக்கிற ஒரு விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அசோகன் வியாசர்பாடியில் பிறந்தவன். அவன் அப்பா கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவன் லாரி கிளீனராக ஏறி, கன்டெய்னர் லாரி ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு கார் வாங்கினான். சிவந்தி எண்ணூர்க்காரி, ஒரே பிள்ளை. அவள் அம்மா விட்டுப்போன வீடு இங்கே இருந்ததால் இங்கேயே குடியிருந்தார்கள். குழந்தை இல்லை. அசோகனுக்குப் பேச்சு குறைவு, சுத்தம் அதிகம். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன புத்தரைத் தினமும் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். காசிமேட்டில் மீன் வாங்கிவந்து ஏறுகிறவர்களிடம் பையை டிக்கியில் வைக்கச் சொல்லி, அதற்காகவே திட்டு வாங்குவான்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்காற்று வீசினால் பிழைத்தோம். அது திரும்பிவிட்டால் எங்கிருந்தோ நாற்றம் வரும். ஒருநாள் அழுகிய முட்டை மாதிரி இருக்கும், இன்னொரு நாள் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். இது யாருடைய நாற்றம் என்று கேட்டால் ஒரு கம்பெனியும் வாய் திறக்காது. எங்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம். சிவந்திக்குப் பழகவில்லை, அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெடி வருகிற நாட்களில் அவள் மூச்சு விடுகிற சத்தம் தையல் மெஷினைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளைக் காரில் ஏற்றினான். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றுவதற்கான பொத்தானை அமுக்கினான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது.

"இன்னாயா, இங்க நாத்தமே வரல" என்றாளாம்.

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து காற்று திரும்பினால் சிவந்தி காருக்குப் போய்விடுவாள். அவன் எங்கே சவாரியில் இருந்தாலும், அவளிடமிருந்து போன் வந்தால் முடித்துக்கொண்டு ஓடிவருவான். டீக்கடை ஜெயவேல் தினமும் கிண்டல் செய்வான்.

"சிவந்தி ஊட்டிக்குப் பூட்டாடா, ரெண்டு டீ அங்க அனுப்பு."

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து பதிலுக்குத் திட்டுவாள். உதடு அசைவது மட்டும் தெரியும், எல்லோரும் சிரிப்போம்.

ஒருநாள் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கதவைச் சாத்தியதும் ஊர்ச் சத்தமும் நின்றது, ஊர் நாற்றமும் நின்றது. முன்சீட்டில் அசோகன் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். நான் வாங்கிவந்த பட்டன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் மூச்சு விட்டேன். எவ்வளவு நாளாக நான் அரைமூச்சில் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது.

அப்புறம் கார் நாற ஆரம்பித்தது. அதை முதலில் சொன்னது சவாரிக்கு ஏறியவர்கள்தான். ஏசி போட்டதும் ஏதோ ஊசிப்போன வாடை வருகிறது என்று ஒரு பெண் செல்போனில் குறைவாக ஸ்டார் போட்டுவிட்டாள். அசோகனுக்கு அது பெருத்த அவமானமாகிவிட்டது. சீட் உறையைக் கழற்றித் துவைத்தான். மிதியடிகளை மொட்டைமாடியில் காயப்போட்டான். மல்லிகை வாசனை அட்டை ஒன்றை வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டான். அந்த வாசனை சிவந்தியின் நெஞ்சை அடைத்தது. அன்றே அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். கடைசியில் தண்டையார்பேட்டையில் கார் ஏசி வேலை பார்க்கிற தாமஸிடம் போனான்.

தாமஸ் கேட்டது இதுதான். "எப்பவும் உள்காத்துலயே வுட்டுகினு கீறியா?"

"ஆமா."

"அதாம்பா மேட்டரு. உள்ள காத்த குளுராக்குற கூலிங் காயில் ஈரமாவே கெடக்குது. ஈரம் காயலன்னா பூஞ்சை புடிச்சு நாறும். நான் இப்ப கழுவி வுடுறேன், ஆனா திரும்ப வரும். வண்டிய ஆஃப் பண்றதுக்கு மின்னாடி ஏசிய நிறுத்திட்டு, கண்ணாடிய எறக்கி, வெளிக்காத்துல போட்டு பிளோயர் ஃபேன மட்டும் ஓட வுடு. அது காஞ்சாத்தான் நாத்தம் போவும்."

"வெளிக்காத்தா? எங்க ஊர்லயா?"

"அப்ப ஊர மாத்து நைனா" என்று தாமஸ் சிரித்திருக்கிறான்.

அசோகன் ஊரை மாற்றவில்லை. காலையில் சவாரிக்குப் போவதற்கு முன்னால் மீஞ்சூரைத் தாண்டி வயல் பக்கம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். அங்கே நாலு கண்ணாடியையும் இறக்கி, பிளோயரை முழு வேகத்தில் வைத்து ஏசியைக் காயவைத்தான். சிவந்தியும் கூடப் போனாள். வரும்போது எனக்கு வெண்டைக்காயோ முருங்கைக்கீரையோ வாங்கிவருவாள்.

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து சினிமாவுக்குக்கூட இட்டுகினு போனதில்லக்கா. இப்ப ஏசி காய வைக்க தினமும் டூர் கூட்டிகினு போறான்" என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்சம் சதை பிடித்து முகம் தெளிந்திருந்தாள். நான் மனதுக்குள் திருஷ்டி கழித்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தேங்கிய தண்ணீர் காருக்குள் ஏறி மிதியடிகள் நனைந்தன. மீஞ்சூர்ப் பக்கம் போனாலும் காய்வதற்கு வெயில் இல்லை. மழை விட்ட சாயங்காலங்களில் நெடி மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். அதனால் சிவந்தி முன்னைவிட அதிக நேரம் காரில் இருந்தாள். ஏசியைப் போட்டால் ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துபோன வாடை வந்தது. வெளியே இருக்கிற நெடிக்கு அது பரவாயில்லை என்று அவளே சொன்னாள். இழுப்பு மட்டும் குறையவில்லை. ஊர்க் காற்றினால்தான் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

இருமல் நிற்காமல் போகவே டாக்டரிடம் போனார்கள். பரிசோதனையெல்லாம் செய்துவிட்டு, வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா, புறா வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்டார். அவளுக்குப் பூஞ்சை ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சில் அதன் அடையாளம் தெரிகிறது என்றார்.

அசோகன் கேட்டானாம். "கார் ஏசில பூஞ்சை இருந்தா அதுவும் உள்ள போவுமா டாக்டர்?"

"போகலாம். அதிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கெடுதல்தான்."

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகத் தாமஸிடம் போனான். டேஷ்போர்டை முழுசாகக் கழற்றச் சொன்னான். புத்தரைப் பெயர்த்தெடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தாமஸ் உள்ளேயிருந்து எடுத்துக் காட்டிய கூலிங் காயில் கருகருவென்று, தலைமுடி சிக்கிய சாக்கடை மூடி மாதிரி இருந்ததாம். அதை அசோகன் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறான்.

"இத்தயா அவ மூச்சு வுட்டுகினு இருந்தா" என்று தாமஸிடம் கேட்டிருக்கிறான்.

தாமஸ் அதை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான். கழுவித்தான் தர முடியும், புதுசு வர நாளாகும், அதுவரை ஏசி போடாதே என்று சொல்லி அனுப்பினான்.

அதற்குப் பிறகு அசோகன் அவளைக் காரில் உட்காரவிடவில்லை. காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, அவளை மெத்தையில் சாய்த்துவைத்தான். கார் போதும், அதிலேயே இருக்கிறேன் என்று அவள் கெஞ்சியதை நான் கேட்டேன்.

"வேணாமே. அது கலீஜ். அத்த மறந்துடு" என்று அவன் சொன்னான்.

புது கூலிங் காயில் வருவதற்குள் அந்தச் சாயங்காலம் வந்துவிட்டது. அன்றைக்கு வந்தது வழக்கமான நெடி இல்லை. தொண்டையைப் பிடித்தது. தெருவே முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தது. குழந்தைகள் வாந்தி எடுத்தன. ஜெயவேல் அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு ஓடினான். அசோகன் சிவந்தியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தான். நான் பின்சீட்டில் ஏறி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

ரோட்டுக்கு வந்தால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்றும் நகரவில்லை. கண்ணாடி இறங்கியிருந்தால் நெடி உள்ளே வந்தது. சிவந்தியின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. அவன் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டான். அந்த ஈர வாடை வந்ததும் அவனே பதறி அதை நிறுத்தினான். திரும்பவும் கண்ணாடியை இறக்கினான். இறக்கியதும் நெடி வந்தது, திரும்ப ஏற்றினான்.

"அக்கா, மூடவா, தொறக்கவா? இன்னா பண்ணட்டும், சொல்லுக்கா."

எனக்குத் தெரியவில்லை. யாருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் விஷம் என்றால் எதைக் குடிக்கச் சொல்வது. கண்ணாடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அவன் முதுகு குலுங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்தி கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள்.

"நீ ஓட்டுயா" என்றாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

திருவொற்றியூரைத் தாண்டியதும் நெடி விட்டது. அவன் எல்லாக் கண்ணாடியையும் இறக்கினான். சுத்தமான காற்று முகத்தில் அடித்தது. அதை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். மறுநாள் மதியம் அவள் உயிர் போய்விட்டது.

அசோகன் யார் முன்னாலும் அழவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சோறு கொண்டுபோய் வைத்தேன். அப்போது சொன்னான்.

"அன்னிக்கு வந்த கேஸ் இல்லக்கா. என் வண்டிதான் அவள கொன்னுச்சு."

"லூசாடா நீ? ஊரே மூச்சு முட்டி ஓடுச்சு."

"ஓடுன ஊரு பொழச்சுகிச்சு. அவ மட்டும் ஏன்கா செத்தா? தினமும் உள்ள குந்த வச்சு கதவ சாத்தினது நான்தான?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. அன்று தட்டைத்தான் அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன். நான் கொண்டுபோன சோற்றை அவன் தொடவே இல்லை.

மழை நின்ற பிறகு அந்த நெடியைப் பற்றி விசாரிக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள், கூடவே ஒரு கம்பெனிக்காரரும் வந்தார். பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தெருவில் எல்லோரும் கூடிப் பேசினோம். செத்தது சிவந்தி ஒருத்திதான், அதனால் அசோகன் முதலில் பேசட்டும், அப்போதுதான் காதில் விழும் என்று முடிவு செய்தோம். ஜெயவேல் தன் வெள்ளைச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டான். நான் தலையைச் சீவச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அதிகாரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அசோகன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"கேஸ் வந்துச்சு சார். ஆனா என் சம்சாரம் அதனால சாவல. என் வண்டி ஏசில பூஞ்சை புடிச்சிருந்துச்சு. டாக்டரே சொன்னாரு. அது தெரியாம நான் அவள தினமும் அதுக்குள்ள குந்த வச்சேன். தப்பு என்னுதுதான் சார்."

அதுவரை குனிந்திருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு முறை நிதானமாகச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனிக்காரர் எழுந்துவந்து, ரொம்ப அன்பாக, அசோகன் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அவ எதுக்குக் கார்ல போயி குந்துனான்னு கேளுங்க. அத்தக் கேளுங்க சார்."

"உங்க முறை வரும்போது பேசுங்கம்மா" என்றார் அதிகாரி.

அசோகன் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் போனதற்குப் பிறகு அவன் முகம் அன்றுதான் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"உண்மைய சொல்லிட்டேன்கா. மனசு லேசாக் கீது" என்றான்.

அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத்தான் முடிந்தது. என் முறை வருவதற்குள் நாற்காலிகளை மடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவள் ஏன் காரில் உட்கார்ந்தாள் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.