ராணி சிஸ்டர் கேட்ட கேள்வி

சென்ற சனிக்கிழமை பொன்முடி மலைப்பாதையில் ஒரு சின்ன சிவப்புக் கார் ஏறிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. ஓட்டியவர் மஸ்கட்டில் பதினெட்டு வருடம் கார் ஓட்டியவர். பக்கத்தில், சட்டப்படி அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் குருநாதராக உட்கார்ந்திருந்தவர் — இந்தப் பத்தியை எழுதும் அடியேன்.

சிரிக்காதீர்கள். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. பர்ஸில் பத்திரமாக இருக்கிறது. கார் ஓட்டும் திறமைதான் எங்கேயோ நழுவிவிட்டது. ஹேர்பின் வளைவு வந்தால் நான் செய்யக்கூடிய ஒரே உதவி, கண்ணை மூடிக்கொள்வது.

இந்தப் பதவி எப்படி வந்தது?

கழக்கூட்டத்தில் எங்களுக்குக் கீழ் ஃப்ளாட்டில் இருப்பவர் ராணி சிஸ்டர். சொந்த ஊர் பாறசாலை. மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவர். வந்தவர் சும்மா இருந்தாரா? படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அவர் பங்குக்கு வந்தவர்களில் ஒருவர் மாடசாமி. பொன்முடித் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மரக்கிளை விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியதிலிருந்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுக்கைதான். முதுகில் படுக்கைப்புண். தினசரி மருந்துக் கட்டை மனைவி மாற்றிவிடுவார். வாரம் ஒரு முறை ஆழமாகச் சுத்தம் செய்ய சிஸ்டர் போயாக வேண்டும். போகாவிட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. பஸ்ஸோ, வந்தால் உண்டு.

ஆக, கார் வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கினார். இன்சூரன்ஸ் போட ஏஜென்ட் வந்தார். பேரம் பேசத் துணைக்கு நான்.

ஏஜென்ட் வண்டியின் வயதைக் கேட்டார், மாடல் கேட்டார், இன்ஜின் கேட்டார். ஓட்டப்போகிற ஆளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கல்யாணத்தை முடிவு செய்வதுபோல இருந்தது.

"அங்க இத்தன வருசத்துல நான் ஒரு கிளைமும் போடல்ல. அதுக்கு இங்க ஒண்ணும் கொறையாதா?" என்று கேட்டார் சிஸ்டர்.

ஏஜென்ட் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். கம்பெனியில் கேளுங்கள் என்று விடாப்பிடியாக உட்கார்ந்துவிட்டார் சிஸ்டர். கேட்டால்... இருக்கிறது. அங்கே பாலிசி முடிந்து அதிக நாள் ஆகவில்லை என்பதால், பழைய கம்பெனியின் சான்றிதழைக் காட்டினால் தள்ளுபடி உண்டு. நான் பல்லைக் காட்டிக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதில் கால்வாசிகூடக் குறைந்திருக்காது.

நானாக இருந்தால் அந்தச் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டிருப்பேன். சிஸ்டர் போடவில்லை.

"சரி, இது எப்போ கிட்டாது?"

"என்னது மேடம்?"

"கிளைம். எப்பல்லாம் தரமாட்டீங்க? அதச் சொல்லுங்க. எங்கிட்ட இருக்கது மஸ்கட் லைசென்ஸாக்கும்."

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

"அதொண்ணும் ப்ரச்னம் இல்ல மேடம். வண்டி உங்க பேருல, பாலிசி உங்க பேருல. லைசென்ஸெல்லாம் ஆரு நோக்கப் போறா?"

நானும் ஒத்து ஊதினேன். "கல்ஃப்லேருந்து வர்றவங்க எத்தனையோ பேரு ஓட்டுறாங்க, சிஸ்டர்."

"சாரே, நான் ஒருத்தர இடிச்சுப் போட்டா, அவரு வீட்டுல அடுப்பு எரியாண்டாமா? அப்போ நோக்குவாவ. இந்தப் பாலிசி எனக்குன்னா நெனச்சிய? ரோட்டுல போற ஆளுக்காக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக நான் ஏஜென்ட்டுகளிடம் கேட்ட ஒரே கேள்வி, 'எவ்வளவு குறைப்பீங்க?' நீங்களும் அதைத்தானே கேட்டிருப்பீர்கள்? எப்போது தரமாட்டீர்கள் என்று கேட்கும் மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

ஏஜென்ட் வழிக்கு வந்தார். லீவில் வந்து போகிறவர்களுக்கு சர்வதேச பெர்மிட் இருக்கிறது. ஊரோடு தங்கிவிட்டவர் இங்கத்திய லைசென்ஸ் எடுப்பதுதான் பத்திரம். இல்லாவிட்டால் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. வெளிநாட்டு லைசென்ஸை மாற்றித்தரும் வழியும் ஏதோ இருக்கிறதாம். அதற்கு அலைவதைவிட முதலிலிருந்தே எடுத்துவிடுகிறேன் என்று, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று லேர்னர்ஸ் லைசென்ஸ் எடுத்துவிட்டார் சிஸ்டர்.

டெஸ்ட் வரை ஒரு மாதம். அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று மாலையே என் வீட்டு வாசலில் நின்றார்.

"சனிக்கிழம வெறுதே தான இருக்கிய? மாடசாமி அண்ணனால ஒரு மாசம் காத்துக் கெடக்க முடியாது, சாரே."

போனேன். மஸ்கட்டில் ஸ்டியரிங் இடது பக்கம், இங்கே வலது பக்கம். முதல் வாரம் இண்டிகேட்டர் போடப்போய், கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. அதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. பிரேக் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. பாதசாரி நின்றால் இவரும் நிற்பார். பின்னால் ஹார்ன் அடிப்பவர்களுக்கு அவர் தந்த மரியாதை, கண்ணாடியில் ஒரு பார்வை. அவ்வளவுதான்.

சென்ற சனிக்கிழமை நெடுமங்காட்டில், சந்திலிருந்து வந்த ஒரு ஸ்கூட்டர் எங்கள் காரின் மூலையில் உரசி விழுந்தது. கூட்டம் கூடியது. எல் போர்டைப் பார்த்தார்கள், ஓட்டியது பெண் என்று பார்த்தார்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வெறும் மஸ்கட் லைசென்ஸோடு வந்திருந்தால், பதினெட்டு வருடச் சுத்தமான ஓட்டம் இந்த இடத்தில் செல்லாக்காசுதானே?

சிஸ்டர் இறங்கினார். யாரிடமும் வாதாடவில்லை. தன் பையைத் திறந்து, விழுந்தவரின் முழங்கையைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு லைசென்ஸ், பாலிசி பேப்பர்களை அவர் கையிலேயே கொடுத்தார்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க, அண்ணா. எல்லாம் நேராக்கும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தா கிளைம் போடுங்க. நான் ஒளிச்சு ஓடமாட்டேன்."

ஸ்கூட்டர்காரர் பேப்பரைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "நானும் நோக்காம வந்துட்டேன், சிஸ்டரே" என்றார். கூட்டத்துக்குத்தான் ஏமாற்றம். எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

அங்கிருந்து நேராக லயம். சிஸ்டர் புண்ணைச் சுத்தம் செய்யும்போது மாடசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். ஃப்ளாட் அசோசியேஷன் சண்டை, தண்ணீர் மோட்டார் திருட்டு... இப்படி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டே, "பொறவு?" என்பார்.

இந்த வாரம் டெஸ்ட். கம்பிகளுக்கு நடுவே 'எச்' வடிவில் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டினார். பாஸ். வாழ்த்துச் சொன்னேன். இனி சனிக்கிழமை மதியத் தூக்கம் நமக்கே என்று மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம்.

நேற்று வந்து நிற்கிறார். "காலையில ஆறு மணிக்கு எறங்கலாம், சாரே."

"லைசென்ஸ்தான் வந்தாச்சே, சிஸ்டர். சட்டத்துக்கு இனி நான் வேண்டாமே?"

"சட்டத்துக்கு வேண்டாம். மாடசாமி அண்ணன் கேக்காவ. நீங்க பேசிட்டு இருக்கும்போ மருந்து வச்சா வலி அவ்வளவு தெரியல்லியாம்."

என் பத்தியைப் படித்தால் மூளை மரத்துப் போகிறது என்று கடிதம் போடும் வாசக அன்பர்களே — அப்படி ஓர் ஆள் தேவைப்படும் இடமும் இருக்கிறது!