கன்டெய்னருக்குள் ஒரு எலுமிச்சம்பழம்

கருத்தரங்கு தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு எழும் வரைக்கும் இரு நாட்டு வர்த்தகம் எங்கள் ஊரில் ஓஹோவென்று நடக்கும். அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர் கிடையாது. கடற்கரைக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில், ஏ.சி. அறையில், கழுத்துப்பட்டை கட்டியவர்கள் மாறி மாறிப் பேசுவார்கள். வளரும் நாடுகளில் வணிகச் சூழல் மேம்பட வேண்டும், உரிமம் சுலபமாகக் கிடைக்க வேண்டும், கரண்டு போகக் கூடாது, ரோடு நன்றாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொல்வேன், தமிழில் சொன்னதை பிரெஞ்சில் சொல்வேன். பிறகு பிரியாணி. கைமாறிய விசிட்டிங் கார்டுகள் சட்டைப்பையோடு துவைக்கப் போய்விடும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரெஞ்சு வியாபாரிகளையும் புதுச்சேரி சிறுதொழில்காரர்களையும் சேர்த்துவைக்கும் அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சொல்தா என்று ஊரில் சொல்லும் அந்தப் பட்டாளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு பிரெஞ்சு சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும், அதுவே எனக்குச் சோறும் போட்டது. ஆனால் அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் ஏறியிருந்தது. பேசுகிறவர்களில் ஒருவராவது எதையாவது விற்றிருப்பாரா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

அப்படி ஒரு நாளில்தான் அந்த அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றார். நெல்லித்தோப்பில் தையல் பட்டறை வைத்திருந்தவர். மேற்கே கிராமத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். ஒற்றை மெஷினில் ஆரம்பித்து, அப்போது ஒரு கொட்டகை நிறையப் பெண்களை வைத்துப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் மேடையில் இருந்த பிரெஞ்சுக்காரப் பெண்மணியைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்:

"மதாம் ஊர்ல அடுப்பங்கரையில பொம்பளைங்க மேல ஒரு துணி கட்டிக்கிறாங்களே, அந்தக் கயித்த முன்னால முடி போடுவாங்களா, பின்னாலயா?"

அறை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. காலையிலிருந்து கேட்டதிலேயே அதுதான் வியாபாரக் கேள்வி. நான் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அந்த மதாம் சிரிக்கவில்லை. பிரான்சில் ஒரு துறைமுக ஊரில் சமையலறைத் துணிகள் விற்கும் கடைக்காரர் அவர், ஐம்பது வயதிருக்கும். எழுந்து மேசைத் துணி ஒன்றை இடுப்பில் சுற்றி, முனைகளைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னால் இழுத்து முடிந்து காட்டினார். கைதுடைக்கும் துண்டை அந்த முடிச்சில் செருகிக்கொள்வார்களாம். அக்கா தலையை ஆட்டினார். "அப்ப கயிறு நீளமா வெக்கணும்."

ஆர்டர் அப்படித்தான் வந்தது. ஏப்ரன், மேசை விரிப்பு, கைத்துண்டு என்று ஒரு சின்ன கன்டெய்னர் நிறைய. கிறிஸ்மஸ் வியாபாரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தைப்பதற்காக அந்த வருஷம் யூனிஃபார்ம் வேலையை அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டார். இரண்டையும் செய்யக் கைகள் இல்லை. அக்கம்பக்கத்தில் பயமுறுத்தாதவர்கள் இல்லை. "அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையாப் போவப் போவுது" என்று பக்கத்துக் கடைக்காரர் என்னிடமே சொன்னார். இந்தச் சரக்கு பிடிக்காமல் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். அது அக்காவுக்கும் தெரியும், அங்கே தைத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

சரக்கு ஏற்றிய அன்று நான் போய்ச் சேர்வதற்குள் கன்டெய்னரின் கதவை மூடி சீல் வைத்துவிட்டார்கள். பட்டறை இருந்த சந்துக்குள் அது நுழையாது, மெயின் ரோட்டில்தான் நின்றது. பூசணிக்காய் நடுரோட்டில் சிதறிக் கிடக்க, பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். தொன்னையில் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். முந்திரி தாராளமாக இருந்தது. கல்யாண வீடு மாதிரி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரக்கு அந்தக் கரையை அடைந்த சில நாட்களில் மதாம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் அப்படிக் கோபமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்து சோதித்திருக்கிறார்கள். பெட்டிகளுக்கு நடுவே காய்ந்த இலைக்கொத்து ஒன்று, சிவப்பு பூசிய அழுகிய எலுமிச்சம்பழம் ஒன்று. வெளிநாட்டு இலையும் பழமும் பூச்சி கொண்டுவரும் என்று அங்கே கடுமையான சட்டம். மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மருந்துப் புகை போட்டுத்தான் விடுவார்கள், விட்டால். "என் சரக்குக்குள் குப்பையைப் போட்டது யார்? என் மேல் யாருக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்.

எங்கள் அதிகாரி ஒரு வழி சொன்னார். "லாரி டிரைவர் வெச்சிட்டான்னு சொல்லிடுங்க. பிரச்சன தீந்துடும்."

நான் நெல்லித்தோப்புக்குப் போனேன். அக்கா ஒளிக்கவில்லை.

"நான்தான் சார் வெச்சேன். வீராம்பட்டினத்துல ஆத்தா காலடியில வெச்சிக் குடுத்த பழம். கடல் தாண்டிப் போற சரக்கு, கடலோரத்துல இருக்கறவ கிட்டதான கேக்கணும்? வேப்பிலயும் அங்க குடுத்ததுதான்."

அதிகாரி சொன்ன யோசனையைச் சொன்னேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"நான் செஞ்சத எதுக்கு சார் டிரைவர் தலையில கட்டறீங்க? போன் போடுங்க. நானே சொல்றேன்."

எனக்கு ஐந்தாம் வகுப்பில் புத்தகப் பையின் உள்பக்கம் அம்மா ஊக்கு போட்டு ஒரு மாதா மெடலைக் குத்தி வைத்தது நினைவுக்கு வந்தது. கணக்குப் பரீட்சைக்கு அது உதவவில்லை. ஆனாலும் பையை மாற்றிய வருஷம் மெடலையும் மாற்றிக் குத்தினேன். அக்காவின் எலுமிச்சம்பழத்தைப் பார்த்து நான் எந்த வாயால் சிரிப்பேன்?

மறுநாள் அலுவலகத்தில் ஸ்பீக்கர் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். எங்கள் ஊரில் புதுக்காரியம் தொடங்கினால் இப்படித்தான் செய்வோம், உங்கள் ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. பிறகு மதாம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பழம் யாருக்காக? துணிக்கா, அவருக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல. மதாமுக்குத்தான்" என்றார் அக்கா. "மூஞ்சி தெரியாத ஊர்லேருந்து வந்து நம்மள நம்பி சரக்கு எடுக்கறாங்க. அவங்களுக்கு நட்டம் வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெச்சது."

அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். மதாம் நன்றி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சரக்கை விட்டார்கள், ஆனால் கிறிஸ்மஸ் வியாபாரத்தில் பாதி போன பிறகு. அதற்கப்புறம் மதாமிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. யூனிஃபார்ம் வேலை வேறு ஆளுக்குப் போயிருந்தது, திரும்பி வரவில்லை. தைத்த பெண்களில் சிலர் டவுனில் ஜவுளிக்கடைகளில் நிற்கப் போனார்கள். ஒருமுறை நான் போனபோது பாதி மெஷின்களுக்கு உறை போட்டிருந்தது. "சாமிக்குச் செய்யப் போயி சாமானுக்கு வென வந்துது பாத்தீங்களா" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கிடையில் இன்னொரு கருத்தரங்கில் வணிகச் சூழல் என்று யாரோ பேசினார்கள். ரோடு, கரண்டு, உரிமம் எல்லாம் வேண்டியதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இருவரும் ஒருவரையொருவர் எதை வைத்து நம்புவது என்பதைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

பொங்கல் கழிந்து மதாம் ஆர்டர் அனுப்பினார். முதல் தடவையில் பாதிதான். நிபந்தனை ஒன்று: கன்டெய்னருக்குள் துணியைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

ஜவுளிக்கடைக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். சரக்கு ஏற்றிய அன்று நான் முன்கூட்டியே போனேன். உள்ளே ஒரு இலை இல்லை, பூ இல்லை. அக்காவே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். பூசை முழுக்க வெளியே, ரோட்டில். எலுமிச்சம்பழங்களை லாரிச் சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அந்த நேரம் என் செல்போன் அடித்தது. மதாம்தான்.

"பூச ஆச்சான்னு கேக்கறாங்க" என்றேன்.

அக்கா பதறிப் போனார். "வெளியிலதான் பண்ணோம், உள்ள ஒண்ணும் வெக்கலன்னு சொல்லுங்க சார்."

சொன்னேன். மதாம் சிரித்த மாதிரி இருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் அக்காவிடம் திரும்பினேன்.

"அத அவங்க கேக்கலக்கா. போன தடவ மாதிரி இந்தத் தடவயும் அவங்களுக்காக வேண்டிக்கிட்டீங்களான்னு கேக்கறாங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். அக்கா என் செல்போனைக் காட்டினார்.

"மொதல்ல அவங்களுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்னு சொல்லுங்க."

ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் சொல்வதுதான் என் தொழில். அன்று அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது. மதாம் அந்தப் பக்கம் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.