ஒரு கன்னத்துக்கு ஒரு ட்யூப்

கல்யாணத்துக்கு முன்பு, முதல் வேலை கிடைத்து பெங்களூருக்கு வந்து, ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறையில் தோழியோடு தங்கியிருந்த காலத்தில் நடந்தது இது. அறையில் ஒரே ஒரு கண்ணாடி. காலையில் அதன் முன்னால் நான் நின்றால் நகரவே மாட்டேன் என்று தோழி சண்டை போடுவாள். அழகு பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு கன்னத்திலும் முகப்பரு. புதிதாக எது முளைத்திருக்கிறது என்று பார்க்காமல் என்னால் வேலைக்குக் கிளம்ப முடியாது.

கடை க்ரீம்கள், அம்மா ஊரிலிருந்து அனுப்பும் கஸ்தூரி மஞ்சள், எல்லாம் தடவி ஓய்ந்த பிறகுதான், சிவாஜிநகரில் பஸ் மாறி ஒரு தோல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பருவுக்கான ஒரு மருந்தை ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். விருப்பமுள்ளவர்கள் சேரலாம். இடது கன்னத்துக்கு ஒரு ட்யூப், வலது கன்னத்துக்கு ஒரு ட்யூப். ஒன்றில் மருந்து இருக்கும், இன்னொன்றில் மருந்து கலக்காத வெறும் க்ரீம். எது எதில் என்று எனக்கும் தெரியாது, என்னைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. வேறு எதையும் முகத்தில் தடவக் கூடாது, மஞ்சள்கூட.

அந்த டாக்டர் அங்கே மேல்படிப்பு படிக்கும் பெண். என் வயதுதான் இருக்கும். தலைமுறையாகக் கண்டோன்மென்ட் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பம், பேச்சில் கன்னடம் தானாக வந்து விழும். அவர் தாடையிலும் பரு இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன பாக்குறீங்க? நானும் சேர்றேன்னு கேட்டேன். பேடம்மா, வேண்டாம், நீ உன் வேலையப் பாருன்னுட்டாங்க" என்று சிரித்தார். நான் கேட்ட நூறு சந்தேகங்களுக்கும் அலுக்காமல் பதில் சொன்னார். அப்புறம்தான் சேர்ந்தேன்.

சில வாரங்களில் இடது கன்னம் தெளியத் தொடங்கியது. வலது கன்னமோ சிவந்து, உரிந்து, முன்பைவிட மோசமானது. "இந்தப் பக்கம் பாத்தா ஹீரோயின், அந்தப் பக்கம் பாத்தா அவ சித்தி" என்றாள் தோழி. மருந்து எந்த ட்யூபில் இருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் துளிச் சந்தேகமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தார். பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் சித்தி வீட்டில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், பையனுக்கும் பெங்களூரில்தான் வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த முகத்தோடு எப்படிப் போய் உட்காருவது?

"லூசாடி நீ? நல்லா வேலை செய்யுற ட்யூப் கையில இருக்கு. ரெண்டு பக்கமும் அதையே தடவு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் தோழி.

இடது கன்னத்து ட்யூபைத் திறந்து விரலில் எடுத்தும்விட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். ஏன்னுகூட நான் கேக்க மாட்டேன். ஆனா மாத்தித் தடவிட்டு, மாத்தலேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அத நம்பித்தான் நாளைக்கு நாங்க இன்னொருத்தருக்கு எழுதிக் குடுப்போம்."

விலகிவிடலாம் என்று காலையிலும், வேண்டாம் என்று மாலையிலும் மாற்றி மாற்றி நினைத்தேன். கடைசியில் எப்போதும்போல வலதுக்கு வலது, இடதுக்கு இடது என்று தடவிக்கொண்டுதான் சித்தி வீட்டுக்குப் போனேன்.

அம்மா என் முகத்தை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, என் இடது கன்னம் மட்டும் வந்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஜன்னலோரம் உட்கார வைத்தார். எல்லாம் நன்றாகவே போனது. பையனும் நானும் மாடியில் கொஞ்சம் பேசட்டும் என்று பெரியவர்கள் அனுப்பினார்கள். மாடியில் அவர் சரியாக என் வலது பக்கம் வந்து நின்றார்.

"கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி?"

பதற்றத்தில் மருந்து, வெறும் க்ரீம், யாருக்கும் தெரியாது என்பதெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ என் பணம் இடது கன்னத்து மேல. எது ஜெயிக்குதுன்னு நானும் காத்திருந்து பாக்குறேன்" என்றார். நான் அன்று முதல் முறையாகச் சிரித்தேன்.

ஆய்வு முடிவதற்குள் வலது கன்னமும் ஓரளவு தெளிந்துவிட்டது. எங்களுக்கு நிச்சயமும் ஆகிவிட்டது. ஆய்வில் சேர்ந்த எல்லோருடைய கணக்கும் முடிந்த பிறகு, விவரம் கேட்க அவரோடுதான் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் பார்த்துச் சொன்னார். என் இடது ட்யூபில் இருந்தது வெறும் க்ரீம். மருந்து இருந்தது வலது ட்யூபில்!

"நான் பந்தயம் கட்டினது வெறும் க்ரீம் மேலயா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கோ நம்பவே முடியவில்லை. என் கண்ணாலேயே பார்த்தேனே! டாக்டர் சிரித்தார். "சிலருக்கு மருந்து முதல்ல எரிச்சல் காட்டும். சிலருக்குப் பரு தானா அடங்கும். ஒருத்தர் முகத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. அதுக்குத்தானே இத்தன பேரு முகத்துல தடவிப் பாத்தோம்."

திரும்பி வரும் வழியில் சிவாஜிநகரில் துணிக்கடைக் கூட்டத்துக்குள் நடந்தோம். அன்று அவர் என் வலது பக்கமாகவே நடந்து வந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

இப்போது நாங்கள் இருப்பதும் சந்தாபுராவில்தான். எங்கள் கைக்குழந்தைக்கு இரண்டு கன்னமும் சிவந்து சொரசொரப்பாகிவிடுகிறது. பெரியவர்கள் கரப்பான் என்கிறார்கள், டாக்டர் எக்ஸிமா என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு எண்ணெயைக் கொடுத்து, "எங்க பாப்பாவுக்கு இதுலதான் போச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நானும்தான் ஒரு காலத்தில் கண்ணால் பார்த்தேன். எண்ணெயை வாங்கி வைத்துவிட்டு, டாக்டர் எழுதிய களிம்பையே எடுக்கிறேன். சரியாகத்தான் செய்கிறேனா என்ற பயம் எனக்கு முழுதாகப் போவதில்லை. ஆனாலும் பிள்ளையின் கன்னத்தில் அதைத் தடவும்போதெல்லாம், எனக்குத் தெரியாத எத்தனையோ அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளின் கன்னத்தில் இதை ஆய்வில் சொன்னபடியே தடவி, நடந்ததை நடந்தபடி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், பயம் கொஞ்சம் விலகுகிறது.